ஒன்பதாவது விதியின் மேல் வெள்ளை மை

ஞாயிறு இரவு பதினொன்றே முக்காலுக்கு
விதிகளை எழுதி முடித்தேன்.
ஆயர் ஈத்தாமில் மழை.
அடுக்ககத்தின் கீழே யாரோ
மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்க்கிறார்.
அது கிளம்புவதாக இல்லை.

மணியடிக்கும் முன் இருக்கையில் இரு.
வரலாற்றுக்கு நீலக் கோப்பு, புவியியலுக்குப் பச்சை.
ஒரு நாள் தாமதமானால் ஒரு மதிப்பெண் போகும்.
நான்காவதில் மட்டும்
பேனா கொஞ்சம் நிதானித்தது:
யார் எதைச் சொன்னாலும்
மூன்று கேள்வி கேள்.
சொன்னது யார்?
எப்போது?
யாருக்காக?

திங்கள். படிவம் ஒன்று, செம்பாக்கா வகுப்பு.
முப்பத்தாறு பேர்.
இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றுகிறது.
விதிகளை மலாயில் வாசித்தேன்,
பின்வரிசைக்கு மட்டும்
கண்ணால், தமிழில்.
ஐந்தாவதற்குக் கொட்டாவி.
கைப்பேசி பற்றிய ஆறாவதற்கு
ஒரு பெரிய முனகல்.
எட்டு: பார்த்து எழுதினால் பூஜ்யம்,
தப்பானாலும் உன் சொல்லில் எழுது.
ஒன்பது: ஆசிரியர் முடிவே இறுதி.

ஜன்னலோரம் ஒரு கை உயர்ந்தது.
லோஷினி.
"டீச்சர், இந்தத் தாளையும் கேக்கலாமா?"
"என்ன கேட்கணும்?"
"அந்த மூணு கேள்வி."

இர்டினா பென்சில் சீவுவதை நிறுத்தினாள்.
வெய் ஜியான், தமிழ் தெரியாதவன்,
என் முகத்தைப் பார்த்தே
ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டான்.

சொன்னது யார்? நான்.
எப்போது? நேற்றிரவு மழையில்,
பாதியைப் போன வருடத் தாளிலிருந்து
அப்படியே எடுத்து.
எட்டாவது விதி
என்னைத் திரும்பிப் பார்த்தது.

யாருக்காக?
உங்களுக்காகத்தான் என்று வாய் திறந்தேன்.
சான்று எங்கே என்பாள் இவள்.
மூடிக்கொண்டேன்.

துணைத் தலைமையாசிரியரின் அலமாரிக்காக.
அடுத்த மாதம் வரப்போகிற ஆய்வாளருக்காக.
சென்ற ஆண்டு ஓர் அப்பா
இரண்டு மதிப்பெண்ணுக்காக
என் மேசையைத் தட்டிய மத்தியானத்துக்காக.
தண்ணீர்ப் போத்தல் உருண்டு விழுந்தது,
நான் குனிந்து எடுக்கவில்லை.
ஒன்பதாவது விதி முழுக்க
அந்த மத்தியானம்தான்.

வகுப்பில் சொன்னேன்.
அலமாரியைச் சொன்னேன், ஆய்வாளரைச் சொன்னேன்.
மேசையை மட்டும் சொல்லவில்லை.
லோஷினி எழுதிக்கொண்டாள்,
தேதியும் போட்டாள்.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து சர்வின்:
"நீங்க தாளைத் திருத்தித் தர லேட்டானா
உங்களுக்கு எவ்வளவு கழியும்?"
சிரிப்பு, ஒற்றை மின்விசிறியை மீறி.
நானும் சிரித்தேன்.
போன வருடத்துப் பிள்ளைகளின்
பினாங்கு வரைபடங்கள்
இன்னும் என் கார் பூட்டில்
குடைக்கடியில் கிடக்கின்றன,
ஒரு தீவு முப்பது வடிவங்களில்.
அவர்கள் இப்போது இரண்டாம் படிவம்.

ஒன்பதாவதின் மேல் வெள்ளை மை தடவினேன்.
என்ன எழுதுவது என்று
காய்வதற்குள் யோசிக்க நினைத்தேன்.
மணி அடித்துவிட்டது.
நாற்காலிகள் இழுபட்டன.
வெள்ளையாகவே நகலெடுத்து
வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

புதன்கிழமை
முப்பத்தைந்து கையெழுத்துகள் வந்தன.
கடைசியாகச் சர்வினுடையது,
நாலாய் மடித்து, கறி வாசனையோடு.
பெற்றோர் என்ற கோட்டின் மேல்
வால் நீண்ட ஒரு எழுத்து.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
மூன்று வருடம் சிவப்பு மையால்
வெட்டிக்கொண்டே இருந்தேன்,
வளர்ந்துகொண்டே இருந்தது.
அவன் அக்காவினுடையது.
அப்பாவுக்கு பாயான் லெப்பாஸில் இரவு வேலை,
அம்மாவைப் பற்றி
படிவத்தில் ஒரு கோடு மட்டும்.

கையெழுத்திட்டது யார்?
எப்போது?
யாருக்காக?

அவன் என் மேசையருகே
ஒற்றைக் காலில் நின்றான்.

"பேரைத் தெளிவா எழுதச் சொல்லு" என்றேன்.
"யாரை?" என்றான்.
"கையெழுத்துப் போட்டவங்களை."

தாளை வாங்கி வைத்தேன்.
ஒன்பதாவது இடத்தில்
வெள்ளைக்கு மேல்
பென்சிலில் யாரோ
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.